காரணம் தருக

சாவுக்கு நீர்மாலை எடுக்க வந்தவர்கள் ஓடையில் குடத்தை முக்கிக்கொண்டிருக்க, காத்தமுத்து மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, குனிந்து, மூன்று கற்களைத் தடவிக்கொண்டு நின்றான். மேல்துண்டு நனைந்து தொங்கியது. இடுப்பு வேட்டியில் கணக்கு எழுதும் கொப்பி ஒன்று செருகியிருந்தது. பெண்சாதியைப் பெட்டியில் வைத்துவிட்டு இவன் ஓடையில் மீன் பிடிக்கிறானா என்று தப்பு அடிக்க வந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். கேட்டது அவன் காதிலும் விழுந்தது. அவன் நிமிரவில்லை.

கற்கள் மூன்றும் முக்கோணமாக, வாளி ஒன்று உட்காரும் அளவுக்கு இடம் விட்டுப் பதித்திருந்தன. பதித்தவள் ஜெயம்மா. ரப்பர் பால் வெட்டும் மற்றப் பெண்கள் இங்கே கால் கழுவுவதோடு சரி. அவளுக்குக் கொடுத்திருந்த ரப்பர் மரங்களோ தோட்டத்திலேயே தூரத்து மலையில் நின்றன. அங்கிருந்து பால் ஸ்டோருக்கு வர முக்கால் மணி நேரம் பிடிக்கும். வெயில் ஏறினால் வழியிலேயே பால் திரைந்து கட்டியாகிவிடும். திரையாமல் இருக்க ஸ்டோரில் சொட்டு மருந்து கொடுப்பார்கள். அதன் நெடி அவளுக்கு நெஞ்சை அடைக்கும். அதனால் முதல் வாளியை இந்தக் கல்லுக்குள் இறக்கி வைத்து, கைப்பிள்ளையைத் தொட்டிலில் போட்ட மாதிரி மேலே ஒரு வாழை இலையையும் மூடிவிட்டு, மிச்ச மரங்களுக்குத் திரும்ப ஏறுவாள். பதினெட்டு வருடத்தில் அவளுடைய பால் ஒரு நாளும் திரைந்ததில்லை.

அந்தப் பாலில்தான் தண்ணீர் கலந்தாள் என்று பெயர் வந்தது.

அது வைகாசி மழைக்குப் பிறகு, மலைத் தண்ணீர் இறங்கி ஓடை சில்லிட்டுப்போன சமயம். பால் ஸ்டோரில் காத்தமுத்துவுக்கு வேலை, வாளிகளை வாங்கி வடிகட்டித் தொட்டியில் ஊற்றுவது. ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் எடுத்து உயரமான பாத்திரத்தில் ஊற்றி அவன் பிடித்துக்கொள்ள, ஸ்டோர் கிளாக்கர் மக்கீன் ஐயா அதற்குள் பால் பார்க்கும் குச்சியை விடுவார். ரப்பர் கூடுதலாக இருந்தால் குச்சி ஆழமாக அமிழும். தண்ணீர் கலந்திருந்தால் மேலே எழும்பி நின்று குறைந்த எண்ணைக் காட்டும். எல்லாருடைய பாலும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு காட்டியது. ஜெயம்மாவுடையது இருபத்தேழு. ஒரு நாள் இல்லை, மூன்று நாள். போதாததற்கு, பக்கத்து மலையில் பால் வெட்டும் தங்கம்மா, ஜெயம்மாவின் வாளி ஓடைக்குள் இருந்ததைப் பார்த்தேன் என்று வெள்ளந்தியாகச் சொல்லிவைத்தாள். ஓடை, வாளி, இருபத்தேழு. இதற்கு மேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக் களத்தில், நூறு பேருக்கு முன்னால், ஜெயம்மாவைப் பால் வெட்டிலிருந்து எடுத்துப் புல் வெட்டப் போட்டார்கள். காத்தமுத்து அதே வரிசையில் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

திறந்தது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

"உண்மையச் சொல்லு. தண்ணி கலந்தியா?"

அவள் அடுப்பிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. காத்தமுத்து அந்த மௌனத்தைக் குற்றம் என்று எடுத்துக்கொண்டான். குச்சி பொய் சொல்லாது என்பது அவனுடைய நம்பிக்கை. சாமிக்கு அடுத்தபடி அவன் நம்பியது அந்தக் குச்சியைத்தான். சில நாட்களில் சாமிக்கும் முன்பாக.

ஒரு வாரம் அவள் புல்லுக்குப் போய் வந்தாள். பிறகு ஒரு பின்னேரம், மகள் லக்ஷிகா வாசற்படியில் உட்கார்ந்து பதினோராம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். "அடர்த்தி கூடிய திரவத்தில் நீரமானி குறைவாக அமிழும். அடர்த்தி கூடிய திரவத்தில் நீரமானி..." கங்குன் கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஜெயம்மாவின் கை நின்றது.

"அது என்னாது? திரும்பச் சொல்லு."

லக்ஷிகா படத்தைக் காட்டினாள். படத்தில் இருந்தது ஸ்டோர் குச்சியேதான், பெயர் மட்டும் வேறு.

அந்தப் பாடத்தின் கடைசியில் நாற்பது கணக்குகள். நீரமானிக் கணக்கு ஒன்பதாவது. அதை மட்டும் செய்து காட்டு என்றாள் ஜெயம்மா. லக்ஷிகாவுக்குத் தெரிந்தால்தானே? பின்பக்கத்து விடையைப் பார்த்து எழுதி டீச்சரை ஏமாற்றி வந்தவள் அவள். முதல் கணக்கு தெரியாமல் ஒன்பதாவது எங்கிருந்து வரும் என்று தாய் ஒரு புதுக் கொப்பி வாங்கி வந்தாள், தெஹியோவிட்ட டவுனில், பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், முப்பது வருடம் கழித்து, புல் வெட்டிய கையோடு பென்சில் பிடித்தாள்.

காத்தமுத்துவுக்குச் சிரிப்பாக இருந்தது. பட்ட காலிலே படும் என்பார்கள், இவளுக்குப் பட்ட தலையிலே ஏதோ பட்டிருக்கிறது என்று லயத்துக் குழாயடியில் சொல்லியும் சிரித்தான். ஆனால் அவர்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்து அடித்துக்கொள்வதைப் பார்க்க அவனுக்குப் பிடித்தும் இருந்தது. சூத்திரம் மகளுக்குத் தெரியும். சூத்திரம் சரியா என்று கேட்கும் துணிச்சல் தாய்க்கு இருந்தது. ஒரு நாள் ஓர் இரும்பு ஆணியின் திணிவு எழுபத்தெட்டுக் கிலோ என்று விடை வந்தது. லக்ஷிகா கோடு போட்டு முடித்துவிட்டாள். ஜெயம்மா விடவில்லை.

"கையில தூக்கிப் பாரு," என்றாள். "ஒரு ஆணி ஒங்க சசி மாமாவ விட கனமா இருக்குமா? எங்கயோ தப்பு இருக்கு."

தசமப் புள்ளி தடம் மாறியிருந்தது. அன்றையிலிருந்து எந்த விடையையும் அவர்கள் மனதுக்குள் கையில் தூக்கிப் பார்க்காமல் எழுதுவதில்லை. அமிலத்துக்குத் தண்ணீர் சேர்த்துச் செறிவைக் குறைக்கும் கணக்கு மட்டும் ஜெயம்மாவுக்கு ஒரே மூச்சில் வந்தது. ஸ்டோரில் பாலைத் திரைய வைக்க அமிலம் கலப்பதைப் பதினெட்டு வருடம் எட்டி நின்று பார்த்தவள். மகள் கணக்கை வாசித்து முடிப்பதற்கு முன் விடையைச் சொன்னாள். மற்ற முப்பத்தொன்பதுக்கும் மல்லுக்கட்டினாள். அலகு எழுத மறந்தால் மகள் அரைப் புள்ளி குறைத்தாள். தாய் ஒரு முறைகூட வாதாடவில்லை, பிழை என்றால் பிழைதான் என்று அழித்துவிட்டு எழுதினாள். அந்தக் குணம் காத்தமுத்துவிடம் இல்லை. தோட்டத்தில் யாரிடமும் இல்லை என்று இப்போது அவனுக்குத் தோன்றியது.

ஒன்பதாவது கணக்கு வந்த அன்று அவள் முடித்துவிட்டு எழுந்து போகவில்லை. சூடு கூடினால் திரவம் விரியும், விரிந்தால் அடர்த்தி குறையும் என்ற வரியைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு காலியான பேனாக் குழாய் ஒன்றின் அடியில் மெழுகும் ஓர் ஆணித் துண்டும் அடைத்துக் குச்சியாக்கி, ஒரு போத்தல் பச்சைத் தண்ணீரிலும் ஒரு போத்தல் கொதித்த தண்ணீரிலும் விட்டாள். கொதித்ததில் ஓர் அரிசி அளவு கூடுதலாக அமிழ்ந்தது. காத்தமுத்துவைக் கூப்பிட்டுக் காட்டினாள். காற்று அடிக்கிறது என்றான் அவன். கதவை மூடிவிட்டுத் திரும்பக் காட்டினாள்.

"குச்சிக்குத் தண்ணியும் ஒண்ணுதான், குளிரும் ஒண்ணுதாங்க," என்றாள். "ரெண்டுக்குமே எழும்பி நிக்கும். என் பாலு ஓடையில குளுந்து வந்துச்சு. நீங்க ஸ்டோர்ல ஒரே பால ரெண்டு வாளியில வச்சு, ஒண்ண குளுர வச்சு, ரெண்டு நம்பர் மட்டும் பாத்து சொல்லுங்க. வேற எதுவும் வேணாம்."

இரண்டே இரண்டு எண். காத்தமுத்து மறுத்துவிட்டான். ஐயாவிடம் போய்க் குச்சி தப்பு என்று யார் சொல்வது, சொன்னால் தன்னையும் புல்லுக்குப் போட்டுவிடுவார்கள் என்றான். அவள் கெஞ்சவில்லை. கேட்டதைத் திரும்பக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

இது நடந்து இரண்டு மாதம். முந்தாநாள் காலை புல் வெட்டும் இடத்தில் ஜெயம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோட்டத்து லொறி தெஹியோவிட்ட ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது எல்லாம் முடிந்திருந்தது. வயது நாற்பத்தாறு.

இன்று காலை, பெட்டிக்குள் அவளுடைய வெற்றிலைப் பையை வைத்தபோது, லக்ஷிகா கொப்பியைக் கொண்டுவந்து இதையும் வைக்கலாமா என்று தகப்பனிடம் கேட்டாள். அவன் வாங்கி விரித்தான். புத்தகத்துக் கணக்குகள் நாற்பதும் முடிந்து, கடைசிப் பக்கத்தில் நாற்பத்தொன்று என்று ஒரு கணக்கு இருந்தது. அது புத்தகத்தில் இல்லாதது. அவளே, பரீட்சைத் தாளின் நடையில், உருண்டை உருண்டையான எழுத்தில் எழுதியிருந்தாள்.

*41. ஒரு பெண்ணின் ரப்பர் பால் இரண்டு வாளியில் உள்ளது. ஒரு வாளி நிழலில். ஒரு வாளி ஓடையில்.*
*(அ) நிழல் வாளியில் குச்சி காட்டுவது ......*
*(ஆ) ஓடை வாளியில் குச்சி காட்டுவது ......*
*(இ) அவள் தண்ணீர் கலந்தாளா? ...... காரணம் தருக.*

கீழே இரண்டு வரி வெறுமையாக விட்டிருந்தாள். அன்று வீட்டில் அவன் கேட்ட கேள்வியையே தூக்கி, (இ) என்று போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். காத்தமுத்துவுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது வெட்கம். கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டு நீர்மாலைக் கூட்டத்தோடு நடந்தவன்தான் இப்போது கற்களைத் தடவிக்கொண்டு நிற்கிறான்.

சாவை முன்னிட்டு அன்றைக்கு டிவிஷனில் அரை நாள்தான் வேலை. ஜெயம்மாவின் மரங்களை இப்போது வெட்டுகிறவள் தங்கம்மா. அவள் இரண்டு வாளிப் பாலோடு மலையிலிருந்து இறங்கி வந்தவள், சாவுக் கூட்டத்தைக் கண்டு பாதையோரம் ஒதுங்கினாள். காத்தமுத்து தண்ணீரை விட்டுக் கரையேறி நேரே அவளிடம் போனான்.

"தங்கச்சி, ஒரு வாளிய குடு. ஓடையில வைக்கணும்."

அவள் எதற்கு என்று கேட்கவில்லை. அவன் முகத்தையும் பார்த்தாள், அந்த மூன்று கல்லையும் பார்த்தாள். இரண்டு வாளிப் பாலையும் ஒன்றுக்குள் ஒன்றாக ஊற்றிக் கலந்து, திரும்ப இரண்டாகப் பிரித்து, ஒன்றைத் தானே, ராத்திரி மழையில் சில்லிட்டிருந்த தண்ணீரில் இறங்கிக் கல்லுக்குள் உட்கார வைத்தாள். மற்றதை மர நிழலில் வைத்தாள். ஒரே பால்.

ஜெயம்மாவின் தம்பி சசிக்குப் பொறுக்கவில்லை. கொழும்பில் கடையில் நிற்கிறவன், இரவெல்லாம் பஸ்ஸில் வந்தவன்.

"மச்சான், அக்காவ அங்க போட்டுட்டு இங்க என்ன பண்றீங்க?"

"நீ தண்ணிய கொண்டு போ சசி. எனக்கு ஒரு மணி நேரம் வேணும். ஒங்க அக்கா சொன்ன வேல, நான் செய்யாம விட்டுட்டேன்."

தப்புச் சத்தம் லயத்தை நோக்கி ஏறிப் போனது. ஓடைக்கரையில் காத்தமுத்துவும் தங்கம்மாவும் இரண்டு வாளிகளும் மட்டும் மிஞ்சினார்கள். தங்கம்மா ஒரு வாழை இலையைப் பறித்து வந்து ஓடை வாளியை மூடினாள். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் சொன்னது ஒன்றுதான்: வாளியைப் பார்த்தேன் என்று மட்டும்தான் சொன்னேன், தண்ணீர் ஊற்றியதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை என்று. தெரியும் என்றான் காத்தமுத்து. நான் அதைக்கூடப் பார்க்காமலே நம்பினேன் என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான்.

பால் ஸ்டோரில் மக்கீன் ஐயா கணக்கை முடித்து, சாவுக்குப் போகச் சட்டை மாற்றிக்கொண்டு கதவைச் சாத்தும் நேரம். மாவனல்லைக்காரர், வாரத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போய் வருகிறவர். குச்சியைத் துடைக்கவென்றே தனியாக ஒரு வெள்ளைத் துணி வைத்திருப்பவர். யாருக்கும் ஒரு புள்ளி கூட்டியும் எழுதமாட்டார், குறைத்தும் எழுதமாட்டார். பெண்சாதியைப் பறிகொடுத்தவன் இரண்டு வாளியோடு வந்து நிற்பதைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஐயா, ரெண்டு தடவ குச்சி விடணும்," என்றான் காத்தமுத்து. "அவ்வளவுதான்."

அவர் மறுபேச்சில்லாமல் துணியை எடுத்தார். காத்தமுத்து வழக்கம்போல் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டான். நிழல் வாளிப் பால். குச்சி இறங்கி நின்றது. ஓப்பீஸுக்குச் சொல்கிற பழக்கத்தில் ஐயா எண்ணைச் சிங்களத்தில்தான் வாசிப்பார். "திஸ் தெகயி." முப்பத்திரண்டு. அடுத்து ஓடை வாளிப் பால். குச்சி எழும்பியது. அவர் குனிந்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பக் குனிந்தார். "விசி ஹதயி." இருபத்தேழு.

"இது யார்ர பால்?"

"ரெண்டும் ஒரே பாலுங்க ஐயா. நான்தான் பிரிச்சேன்," என்றாள் தங்கம்மா.

மக்கீன் ஐயா இரண்டு வாளியையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தார். பிறகு தேநீர் போட வைத்திருந்த வெந்நீரைத் தானே ஓர் ஆழமான தட்டில் ஊற்றி, பாலோடு அந்தப் பாத்திரத்தைத் தூக்கி அதற்குள் வைத்தார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே செய்தார். அந்த மனிதரின் நேர்மை அதுதான். மூன்று பேரும் குச்சியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது சூடு ஏற ஏற, கண்ணுக்குத் தெரியாமல், இறங்கியது. இருபத்தெட்டு. முப்பது. முப்பத்திரண்டில் வந்து நின்றது. தண்ணீர் கலந்த பால் வெந்நீர் பட்டதும் நல்ல பாலாகிவிடுமா?

"ஸ்டோருக்குள்ள சூடுமானி ஈக்கி," என்றார் அவர் மெதுவாக. "அலுமாரிக்குள்ள. நான் ஒரு நாளும் எடுத்துப் பார்க்கல்ல." பிறகு கேட்டார். "இத யாரு கண்டுபிடிச்ச?"

"எம் பொஞ்சாதி."

"எப்ப?"

"ரெண்டு மாசமாச்சுங்க."

"அப்ப ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?"

"அவ எங்கிட்ட சொன்னா ஐயா," என்றான் காத்தமுத்து. "நான்தான் சொல்லல."

ஐயா வெள்ளைத் துணியால் குச்சியைத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து, மூடினார்.

வீட்டு வாசலில் தூக்குவதற்கு ஆட்கள் தயாராக நின்றார்கள். மாலை போட்டு, நெய்ப்பந்தம் பிடித்து, வாய்க்கரிசியும் முடிந்திருந்தது, புருஷனைத்தான் காணோம். முணுமுணுப்பு கொஞ்சம் சத்தமாகவே கிளம்பியிருந்த நேரத்தில், காத்தமுத்துவோடு மக்கீன் ஐயாவும் தங்கம்மாவும் படியேறி வந்தார்கள். ஐயா பெட்டிக்கு முன்னால் நின்று, பிரட்டுக் களத்தில் சொன்னது பிழை, இந்தப் பெண் பாலில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கலக்கவில்லை, பாலின் குளிரைப் பார்க்காமல் எழுதிய குற்றம் தன்னுடையது, நாளைக் காலை பிரட்டிலும் துரைக்கு முன்னால் இதையே சொல்வேன் என்றார். மேடைப் பேச்சு வராதவர். சொல்லிவிட்டுக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

யாரோ ஒரு கிழவர் ஜெயம்மாவின் பெயரைச் சொல்லிக் கும்பிட்டார். தங்கம்மா பெட்டியின் ஓரத்தில் தலையை வைத்து அப்போதுதான் அழ ஆரம்பித்தாள். காத்தமுத்து இடுப்பிலிருந்து கொப்பியை எடுத்தான். ஓரம் நனைந்திருந்தது, எழுத்து கலையவில்லை. ஐயா தன் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார். அவன் பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்து, எல்லாரும் காத்து நிற்க, (அ) என்ற இடத்தில் முப்பத்திரண்டு என்று எழுதினான். (ஆ) என்ற இடத்தில் இருபத்தேழு. (இ) என்ற இடத்தில் இல்லை என்று எழுதி, மையை ஊதிக் காய வைத்தான். பிறகு கொப்பியைப் பெட்டிக்குள் வைக்கப் போனான்.

லக்ஷிகா அவன் கையைப் பிடித்தாள். அழுது வீங்கிய கண்ணோடு அவள் பக்கத்தைப் பார்த்தாள்.

"காரணம் எழுதலப்பா," என்றாள். "காரணம் எழுதாட்டி ரெண்டு புள்ளி போயிரும். அம்மா விடமாட்டாங்க."

"எழுதுறேன்," என்றான் காத்தமுத்து. கொப்பி வீட்டில் தங்கியது. ஜெயம்மாவைத் தூக்கினார்கள்.

மறுநாள் குழிமேட்டில் பால் தெளிக்கப் போய்விட்டு வரும் வழியில், ஓடையில் இன்னும் இரண்டு இடத்தில் யாரோ மூன்று மூன்று கல்லாகப் புதிதாகப் பதித்திருந்ததைக் காத்தமுத்து கண்டான். ஸ்டோர் வாசல் ஆணியில் சூடுமானி தொங்கியது. நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பின்னேரம், சாவுக்கு வந்தவர்கள் எல்லாரும் பஸ் ஏறிப் போன பிறகு, வாசற்படியில் உட்கார்ந்து கொப்பியை விரித்து அந்த இரண்டு வெற்று வரியை வெகுநேரம் பார்த்தான். குளிர்ந்த பால் அதிகக் கனம் என்று அவனுக்குத் தெரியும். ஏன் என்றுதான் தெரியவில்லை. அவள் இரண்டு முறை, கதவைச் சாத்தியும், காட்டியபோது அவன் காரணத்தைக் கேட்டுவைக்கவில்லை.

"லக்ஷி, அந்தப் புத்தகத்த எடு."

அவள் கொண்டுவந்து ஒன்பதாவது கணக்கைத் திருப்பிக் கொடுத்தாள். அவன் பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டி, பாடத்தின் முதல் கணக்குக்கு வந்தான். ஒரு மரக்குற்றியின் திணிவு அறுநூறு கிராம், கனவளவு எழுநூற்றைம்பது கன சென்ரிமீற்றர். அதன் அடர்த்தி யாது?

லக்ஷிகா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காத்தமுத்து பால்வெட்டுக் கத்தியால் பென்சிலைச் சீவி, ஜெயம்மாவின் கொப்பியில் புதுப் பக்கம் புரட்டி, ஓரத்தில் ஒன்று என்று இலக்கம் போட்டு, தரப்பட்டவை என்று எழுதினான்.